வருகைப் பதிவேடும் பதினாறு வாரமும்

ஒவ்வொரு வருடமும் டிகிரி ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரப் பெண்கள், பழைய மாணவிகள், என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அக்காமார். “அக்கா, பி.எட். சேரணும். எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?” என்று பேச்சு தொடங்கும். கொஞ்ச நேரத்தில் குரல் தாழ்ந்து இன்னொரு கேள்வி வரும். “தினமும் போகாம படிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?”

இப்படிக் கேட்பவர்களைச் சோம்பேறிகள் என்று நான் நினைத்ததே இல்லை. ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்தி ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், அந்தச் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இன்னொருத்தியின் மாமியார் வீட்டில் “படிக்கலாம், ஆனா வெளிய போய் வரக்கூடாது” என்று சொல்லிவிட்டார்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று இவர்களின் காதில் போடுகிற புரோக்கர்கள் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள். அப்படி ஆள் பிடித்துத் தரச் சொல்கிற கல்லூரிகளும் இருக்கின்றன.

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று போனில் விளக்கமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தென்மாவட்டம் ஒன்றில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நான் பி.எட். படித்தேன். கணிதம் என் பாடம். நான் சேரும்போது படிப்பு இரண்டு வருடமாகிவிட்டிருந்தது. அதற்கு முன்பு ஒரே வருடம்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-ல் ஆசிரியர் கல்வியின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., 2014-ல் புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2015-16 கல்வியாண்டிலிருந்து பி.எட். இரண்டு வருடம் ஆனது.

அந்த விதிமுறையில் இருக்கிற சில எண்களைச் சேரப்போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள், வாரத்துக்குக் குறைந்தது 36 மணி நேரம். சேர்க்கையும் பரீட்சையும் அந்த 200-ல் சேராது. கல்லூரி வகுப்புகளுக்கு 80 சதவீதம் வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். முதல் வருடத்தில் 4 வாரம், இரண்டாம் வருடத்தில் 16 வாரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்குப் போட்டால் 16 வாரம் என்பது 80 நாள். அதில் 72 நாளாவது பள்ளியில் இருந்தாக வேண்டும். கல்லூரியில் வருடத்துக்கு 40 நாள் வரை விடுப்பு எடுக்க இடம் இருக்கிறது. பள்ளிப் பயிற்சியில் எட்டே நாள்தான். கல்லூரியைவிடப் பள்ளியில் இருப்பது முக்கியம் என்று இந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பி.எட். கல்லூரியில் இருக்கிற விதிகளிலேயே நான் மனதாரக் கும்பிடுகிற விதி இதுதான். பல இடங்களில் முதலில் தளர்த்தப்படுவதும் இதுதான்.

இறுக்கிப் பிடிக்கப்படுவது வேறு விதிகள். எங்கள் கல்லூரியில் பெண்களுக்குச் சேலை கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் யூனிஃபார்ம் சேலை, மற்ற நாட்களில் காட்டன் சேலை. முந்தானையை மடித்துப் பின் குத்தியிருக்க வேண்டும், முடியைப் பின்னியிருக்க வேண்டும். ஆண்களுக்குச் சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு, முகம் மழித்திருக்க வேண்டும். கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆணும் பெண்ணும் ஏறி இறங்கத் தனித்தனிப் படிக்கட்டு. நூலகத்தில்கூட மேஜை தனி.

சேலை கட்டுவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, இன்றும் விரும்பித்தான் கட்டுகிறேன். ஆனால் காலை ஐந்தரைக்கு எழுந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, சமைத்து வைத்து, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்த ஒரு பெண்ணை, பின் குத்தவில்லை என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அதே வாரம் வகுப்பில் எங்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் நடத்தினார்கள். 2009-ம் வருடச் சட்டம், பிரிவு 17. குழந்தையை உடலால் தண்டிக்கவோ மனதால் துன்புறுத்தவோ கூடாது என்று சொல்கிற பிரிவு. நோட்டில் எழுதிக்கொண்டோம். அவமானப்படுத்தாமல் ஒரு வகுப்பை நடத்தலாம் என்பதை எங்கள்மேல் யாரும் நடத்திக் காட்டவில்லை. முதல் வருடப் பாடத்திட்டத்தில் பாலினம், பள்ளி, சமூகம் என்றே ஒரு தாள் இருக்கிறது. அதற்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெண்களுக்கான படிக்கட்டில் இறங்கிப் போனோம்.

இதை மனக்குறை தீர்த்துக்கொள்வதற்காக எழுதவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மற்றக் கல்லூரிகளைப் போன்றது இல்லை. அங்கே நாங்கள் எப்படி நடத்தப்படுகிறோமோ அதுவும் ஒரு பாடம். தாமதமாக வந்தவளிடம் “ஏன்மா லேட்?” என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்கிற பேராசிரியர் ஒருவரும் எங்களுக்கு இருந்தார். உளவியல் எடுத்தவர். கற்றல் எப்படி நடக்கிறது என்று சொல்லப் பாடத்தில் வருகிற தோர்ன்டைக்கின் பூனையும் ஸ்கின்னரின் புறாவும் எனக்குப் பாதி மறந்துவிட்டன. அவர் கேட்ட விதம் மறக்கவில்லை. இன்று என் வகுப்பு வாசலில் தாமதமாக வந்து நிற்கிற பிள்ளையிடம் என் வாயில் வருவது அவருடைய கேள்விதான்.

அடுத்து ரெக்கார்ட். பி.எட். என்றாலே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பாடக் குறிப்பேடு, நுண்ணிலைக் கற்பித்தல் ஏடு, உற்றுநோக்கல் ஏடு, ஒரே ஒரு பிள்ளையைக் கவனித்து எழுதுகிற தனியாள் ஆய்வு, உளவியல் சோதனை ஏடு, தேர்வு வினாத்தாள் தயாரித்த ஏடு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். விடுதியில் இரவு பதினொன்றுக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். வராந்தா விளக்கின் கீழே வரிசையாக உட்கார்ந்து, ஸ்கெட்ச் பேனாவால் தலைப்புக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்போம். ஒருத்திக்கு எழுத்து அழகாக இருந்தால் அவளுக்குத் தூக்கமே கிடையாது.

இவற்றில் நுண்ணிலைக் கற்பித்தல் உண்மையிலேயே நல்ல பயிற்சி. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. நம் நாட்டு முறைப்படி ஒரு சுற்று 36 நிமிடம். ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும், ஆறு நிமிடம் மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள், பன்னிரண்டு நிமிடத்தில் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும், மறுபடி ஆறு நிமிடம் நடத்த வேண்டும், மறுபடி ஆறு நிமிடம் கருத்துக் கேட்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு திறன்தான். கேள்வி கேட்பது, அல்லது பாடத்தைத் தொடங்குவது, அல்லது கரும்பலகையில் எழுதுவது. சக மாணவிகளே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி கேட்ட மறு நொடியே நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன் என்பதை அங்கேதான் ஒரு தோழி எனக்குக் காட்டினாள். அதற்குப் பிறகு கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணப் பழகினேன். இந்தச் சுற்றை முழுதாக, நேரம் வைத்துச் செய்கிற கல்லூரியில் படித்தவர்கள் பாக்கியசாலிகள். ஏட்டில் மட்டும் சுற்று முடிந்ததாக எழுதி வாங்கிக்கொள்கிற கல்லூரிகளும் உண்டு.

மற்ற ஏடுகள் பெரும்பாலும் பழைய ஏட்டைப் பார்த்து எழுதியவை. அதைப் பார்த்து அடுத்த வருடத்தவர்கள் எழுதுவார்கள். கல்லூரிக்கு எதிரே இருந்த கடையில் தெர்மாகோல் மாடல்கள் விற்றார்கள். காசு கொடுத்தால் ரெக்கார்டே எழுதித் தருகிற ஆட்களும் இருந்தார்கள். பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருவதை நாங்கள் ‘கமிஷன்’ என்போம். கமிஷன் வருகிற வாரம் கல்லூரி கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். சார்ட்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டி, ஏடுகளுக்குப் பிரவுன் அட்டை போட்டு, வாசலில் கோலம் போட்டு வைப்போம். தேர்வாளர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்பார். இரண்டு வருட உழைப்பில் எது உண்மையில் எங்களை ஆசிரியராக்கியதோ, அது அந்த மேஜையில் இருக்கவில்லை. அது பள்ளியில் இருந்தது.

எனக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது ஓர் உயர்நிலைப் பள்ளி. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று 2021 மே மாதம் அறிவித்தது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை, அதற்கு முன்பு படித்தவர்கள்தான் சொல்ல முடியும். பயிற்சிக்குப் போகிற பள்ளி நாம் கேட்கிற இடத்தில் கிடைப்பதில்லை. உதவித்தொகையும் இல்லை. டவுன் பஸ் போகாத பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறவர்களுக்குப் பயணச் செலவே ஒரு பெரிய தொகை ஆகிவிடும்.

அங்கே என் வழிகாட்டி ஆசிரியர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். முதல் நாள் நான் பாடக் குறிப்பை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “நல்லா எழுதியிருக்கீங்கம்மா. இந்த வாரம் இது வேண்டாம். பின்னால உட்கார்ந்து பிள்ளைகளோட பேரைப் படிங்க” என்றார். நாற்பது பேருக்கு மேல் இருந்த எட்டாம் வகுப்பு. பெயர்களைப் படித்தேன். யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், யாருக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதெல்லாம் பெயரோடு சேர்ந்து வந்தது.

அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன். நோட்டு அவ்வளவு சுத்தமாக இருக்கும். பலகையில் இருக்கிற ஒரு கணக்கும் விட்டுப்போகாது. (a+b)² பாடத்துக்கு நான் கலர் பேப்பரில் சதுரமும் செவ்வகமும் வெட்டிக்கொண்டு போனபோது, சரியாக ஒட்டி முதலில் காட்டியது அவன்தான். நன்றாகப் படிக்கிறான் என்றே நான் நினைத்திருந்தேன். பல வாரம் கழித்து, தனியாள் ஆய்வுக்காக அவனோடு தனியாக உட்கார்ந்த ஒரு மதியத்தில் தெரிந்தது. 500-லிருந்து 178-ஐக் கழிக்க அவனுக்கு வரவில்லை. பூஜ்யத்தில் கடன் வாங்குகிற இடத்தில் நின்றுவிட்டான். எட்டு வருடமாகப் பலகையைப் பார்த்து எழுதியே தப்பித்து வந்திருக்கிறான்.

அவன் அம்மா பெட்டிக்கடை வைத்திருந்தார். சாயங்காலம் கடையில் உட்காருவது அவன்தான். “178 ரூபாய்க்குச் சாமான் வாங்கிட்டு 500 ரூபாய் நோட்டு தர்றாங்க. என்ன பண்ணுவ?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “ரெண்டு ரூபா கொடுத்தா 180. இருபது கொடுத்தா 200. அப்புறம் முந்நூறு. 322, டீச்சர்.” கழித்தலை அவன் கூட்டிக்கொண்டே போய்ச் செய்கிறான். அது தப்பான வழியே இல்லை. பள்ளி அவனிடம் அந்த வழியைக் கேட்டதே இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் கணக்கை அவன் வழியில் எழுத வைத்து, பிறகு மெதுவாகப் பாடப்புத்தக வழிக்கு வந்தோம்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏன் அத்தனை வாரம் ஆனது என்று யோசித்திருக்கிறேன். புதிதாக வந்த ட்ரெயினிங் டீச்சரிடம் எந்தப் பிள்ளையும் தனக்குத் தெரியாததைக் காட்டாது. முதல் வாரங்களில் நம்மைச் சந்தோஷப்படுத்தவே பார்ப்பார்கள். பழகிய பிறகு, இவள் திட்ட மாட்டாள் என்று தெரிந்த பிறகுதான் தெரியாததை வெளியே எடுப்பார்கள். நான்கு வாரத்தில் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ளலாம். ஒரு பிள்ளை எங்கே நின்றுபோயிருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ள முடியாது. அதற்குத்தான் அந்த 16 வாரம். பள்ளிக்கே போகாமல், தலைமையாசிரியர் கையெழுத்தை மட்டும் வாங்கி அந்த 80 நாளை நிரப்புகிறவர்கள் இழப்பது இதைத்தான். அவர்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு, நின்றுபோன பிள்ளைகள் எல்லாம் அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள்.

பயிற்சி மாணவிகளைத் தப்பாகப் பயன்படுத்துகிற பள்ளிகளும் உண்டு. ஆசிரியர் இல்லாத வகுப்புக்கெல்லாம் அனுப்புவது, மாணவர் விவரங்களைப் பதிகிற அரசின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்ற உட்கார வைப்பது, விழாவுக்கு நடனம் சொல்லித்தரச் சொல்வது. இப்போது என்னிடமே பயிற்சிக்கு மாணவிகள் வருகிறார்கள். அவர்களை இந்த வேலைகளுக்குக் கேட்டால் நான் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசிவிடுவேன். கல்லூரியிலிருந்து வாரம் ஒரு முறையாவது பேராசிரியர் வந்து பார்த்தால் இதில் பாதி நின்றுவிடும். சில கல்லூரிகளிலிருந்து முழுப் பயிற்சிக் காலத்திலும் ஒருவரும் வருவதில்லை.

சரி, வசதிகளுக்கு வருகிறேன். பி.எட். கல்லூரிகளில் படிப்பவர்களில் கல்யாணமான பெண்கள் நிறைய. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி ஓய்வறை வேண்டும் என்று விதி சொல்கிறது. எங்கள் கல்லூரியில் அந்த அறை இருந்தது. பழைய சார்ட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் போட்டுப் பூட்டியிருந்தார்கள். என் தோழி ஒருத்திக்கு எட்டு மாதக் குழந்தை. மதியம் அவள் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார். வாட்ச்மேன் அண்ணன் தன் சின்ன அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு வெளியே வெயிலில் நிற்பார். அந்த மனிதர் செய்ததைக் கல்லூரி செய்திருக்க வேண்டும். ஒரு சுத்தமான அறை, ஒரு தொட்டில், ஒரு ஆயா. இது இருந்தால் என்னிடம் போனில் குரல் தாழ்த்திக் கேட்கிற பெண்களில் பாதிப் பேர் தினமும் கல்லூரிக்கு வந்துவிடுவார்கள். வருகை விதியைக் கறாராகப் பிடிப்பதற்கு முன்னால், வருவதற்கு வழி செய்து கொடுக்க வேண்டும்.

நூலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கைடுகள் கைக்கு எட்டும், நல்ல புத்தகங்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும். ராகிங் தொந்தரவு பெரும்பாலும் கிடையாது. அதற்குத் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பாலியல் தொந்தரவு பற்றிய புகார்களுக்கு உள்ளகப் புகார்க் குழு எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சேரும்போது பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை எல்லா ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் இருக்கிறது. என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு வேறு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. மொத்தக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்றார்கள், அந்த வேலையே போய்விட்டது. ஒரிஜினல்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள்.

எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு நான் சொல்வது, முதலில் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. சென்னை சைதாப்பேட்டைக் கல்லூரி 1856-ல் தொடங்கியது. யாருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ அந்த ராதாகிருஷ்ணனே அங்கே பயிற்சி பெற்றவர்தான். இந்தக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு, வகுப்புகளும் ஒழுங்காக நடக்கும். ஆனால் அரசுக் கல்லூரிகள் ஏழில் ஒன்றுகூடப் புதுக்கோட்டைக்குத் தெற்கே இல்லை. மதுரை, நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பெண்கள் உதவி பெறும் கல்லூரிகளில் இடம் கிடைக்காவிட்டால் சுயநிதிக் கல்லூரிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. தெற்கே ஓர் அரசு கல்வியியல் கல்லூரி வேண்டும் என்று யாராவது உரக்கக் கேட்டால் நானும் கூட நின்று கேட்பேன்.

படித்து முடித்தால் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நடத்துவதற்கு இரண்டாம் தாள், 150 மதிப்பெண், பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 90. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் இதற்கு இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். கல்லூரி தனியாகக் கட்டணம் கேட்டால் கொடுப்பதற்கு முன் அங்கே ஒரு தடவை விசாரியுங்கள்.

ஓராண்டு பி.எட். மறுபடியும் வரும் என்று 2025-ல் என்.சி.டி.இ. ஒரு வரைவு வெளியிட்டது. நான்கு வருட டிகிரியோ முதுகலையோ முடித்தவர்களுக்கானது. முதுகலை முடித்த பெண்கள் அதற்காகக் காத்திருக்கலாமா என்று இப்போது கேட்கிறார்கள். கட்டணமும் காலமும் மிச்சமாகும் என்பது உண்மைதான், ஏழை வீட்டுக்கு ஒரு வருடம் சின்ன விஷயம் இல்லை. தாள்களைக் குறைக்கட்டும். ரெக்கார்டுகளைப் பாதியாக்கட்டும். சில பாடங்களை இணையத்தில் நடத்தினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பள்ளியில் இருக்கிற அந்த 16 வாரத்தில் மட்டும் ஒரு நாளைக்கூடக் கழிக்க வேண்டாம். அந்த வாரங்களுக்குப் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்து, குழந்தையோடு வருகிறவளுக்கு ஓர் அறையும் கொடுத்துவிட்டு, அப்புறம் 90 சதவீதத்தை எவ்வளவு கறாராகக் கேட்டாலும் சரி.